சாடிக்கு ஏற்ற மண் எது?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, எமது கல்லூரி மாணவன் ஒருவன் வாடிய மிளகாய்க் கன்றொன்றைச் சாடியோடு தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவன் முகமும் கன்றைப் போலவே வாடியிருந்தது.

"சேர், இது மூன்றாவது கன்று. எனக்குக் கைராசி இல்லை என்று அம்மம்மா சொல்லிவிட்டா. இனி நான் ஒன்றும் நடப்போவதில்லை" என்றான்.

சாடியைக் கவிழ்த்துப் பார்த்தோம். முற்றத்துச் செம்மண் கட்டியாக இறுகிக் கிடந்தது. அடியிலிருந்த வேர்கள் கபில நிறமாகி அழுகியிருந்தன. நாள்தோறும் இருவேளை தவறாமல் நீர் ஊற்றியிருக்கிறான். அன்பிற் குறைவில்லை, வேருக்குக் காற்றுத்தான் கிடைக்கவில்லை.

வேரும் சுவாசிக்கின்றது என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகிறோம். மண் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள துவாரங்களிலே நீரும் வேண்டும், ஒட்சிசனும் வேண்டும். துவாரங்கள் முழுவதையும் நீரே நிரப்பிவிட்டால் வேர் மூச்சடைத்து அழுகும். இலையோ நீரின்றி வாடியது போலத் தோன்றும். அதைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவோம்!

"தோட்டத்திலே இதே மண்ணில் மிளகாய் செழித்து வளர்கிறதே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சுத் துண்டொன்றை நீரில் தோய்த்து, கிடையாகப் பிடிக்கச் சொன்னேன். சொட்டுவது நின்றபின் அதையே நிமிர்த்திப் பிடிக்க, மறுபடியும் நீர் சொட்டியது. உயரம் கூடினால் நீர் வடிகிறது; குறைந்தால் தங்கிவிடுகிறது. நிலத்திலே மண் ஆழமாகத் தொடர்வதால் மேலதிக நீர் கீழே இறங்கிவிடும். சாடியிலே மண் ஒரு சாணில் முடிந்துவிடுவதால் அடிப்பகுதி ஈரத்தில் ஊறியே நிற்கும்.

இதற்குப் பரிகாரமென்று சாடியின் அடியிற் கல்லும் ஓட்டுத்துண்டும் பரப்புவது வழக்கம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்து ஏமாந்தேன். நுண்ணிய மண் நீரால் நிறையும்வரை அது கல்லுக்குள் எளிதில் இறங்குவதில்லை. ஆகவே ஈரப்பகுதி கல்லின் மேலே ஏறி நிற்குமேயன்றிக் குறைவதில்லை. மாற்றவேண்டியது சாடியின் அடியையன்று, மண்ணையே.

1930களில் இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் தோட்டக்கலை நிறுவகத்தார் வகுத்த சாடிக் கலவையில் மண் 7 பங்கு, பீற் 3 பங்கு, பருமணல் 2 பங்கு. பீற் என்பது குளிர்நாட்டுச் சதுப்புநிலங்களிலே பாசி முதலியன அரைகுறையாக உக்கித் திரண்ட பொருள். ஓராண்டில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே திரளும். எனவே அதை அகழ்வது சதுப்புநிலத்தை அழிப்பதாகும். அதற்குப் பதிலாக இன்று பல நாட்டார் நாடுவது நமது தும்புச்சோற்றையே! மட்டையிலிருந்து தும்பைப் பிரித்தபின் எஞ்சும் இத்தூள், முன்னர் தெருவோரத்தில் மலைபோற் குவிந்து கிடந்தது. இன்று செங்கல் வடிவில் அமுக்கப்பட்டுக் கப்பலேறுகிறது. தன் எடையைப் போற் பன்மடங்கு நீரை ஏந்தியும், காற்றுக்கு இடம் விடும் குணம் அதற்குண்டு.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளிலே உப்பு மிகுந்திருக்கும். ஆதலால் நன்னீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிதல் வேண்டும். மேலும், அதில் பொற்றாசியம் உண்டெனினும் நைதரசன் மிகக் குறைவு. தும்புச்சோற்றை மாத்திரம் நிரப்பிவிட்டுப் பசளையிடாதிருந்தால் செடி மஞ்சளித்துவிடும்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு எளிய வழி, மேல்மண், நன்கு உக்கிய கூட்டெரு, அலசிய தும்புச்சோறு ஆகியவற்றைச் சமபங்காகக் கலப்பதே. களிமண்ணாயின் பருமனான ஆற்றுமணல் ஒரு பங்கு சேர்க்கலாம்; கடல்மணல் ஆகாது. கலவையை ஈரமாக்கி ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டு, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் அது தக்க பதம். உதிராவிடில் இறுகும், திரளவே திரளாவிடில் ஈரம் தங்காது. சாடியின் அடியில் துவாரம் இருத்தல் அவசியம். மேல்மண்ணுள் விரலை நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மாத்திரம் நீர் ஊற்றுங்கள்.

மாணவன் நான்காவது கன்றை இக்கலவையில் நட்டான். இப்போது அது புதுத்தளிர் விட்டிருக்கிறது. பெற்றோரே, பிள்ளை நட்ட செடி பட்டுப்போனால் கைராசியைக் குறை கூறுமுன் அவனோடு அமர்ந்து சாடியைக் கவிழ்த்து, வேரைப் பாருங்கள். இனி நடுவதில்லை என்று ஒரு பிள்ளை முடிவுசெய்துவிடுவது, ஒரு கன்று பட்டுப்போவதைவிடப் பெரிய நட்டமன்றோ?