லோகோவைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க சார்!

டிஸ்கி: இது வயிற்றெரிச்சலில் எழுதியது. ஓவியக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். ஆனால் பதினைந்து வருஷமாக அடுத்தவர்கள் கொடுக்கும் லோகோவை வெப்சைட்டின் தலையில் ஒட்டுவதுதான் பிழைப்பு. எது ஒட்டும், எது துருத்திக்கொண்டு நிற்கும் என்று ஒட்டுகிறவனுக்குத் தெரியாதா?

பிழைப்பு நடக்கிற இடம் புனே. போன மாதம் போசரி தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற ஒரு கம்பெனிக்கு சைட் போட்டுக்கொடுக்கும் ஆணி வந்து சேர்ந்தது. முதலாளியை எல்லாரும் சாஹேப் என்கிறார்கள், நானும். நல்ல மனுஷர். போனவுடன் சாயும் போஹாவும் கொடுத்துவிட்டு, ஒரு பென் டிரைவை பூஜை அறையிலிருந்து எடுத்துவருகிற மாதிரி எடுத்துவந்தார். உள்ளே லோகோ.

ஒரு பற்சக்கரம். பற்சக்கரத்துக்குள் பூமி உருண்டை. உருண்டையைச் சுற்றி ஒரு அம்பு. உச்சியில் ஒரு தீச்சுடர். கீழே ரிப்பனில் கம்பெனி ஆரம்பித்த வருஷம். சுற்றிலும் வளைவாக முழுப்பெயர், பிரைவேட் லிமிடெட் உட்பட. அத்தனைக்கும் நிழல் வேறு. வால்வு மட்டும் இல்லை.

சைட்டின் மேல்பட்டையில் 48 பிக்சல் உயரத்தில் வைத்தேன். கம்ப்யூட்டரில் சுமாராகத் தெரிந்தது. போனில் பார்த்தால் செருப்படி பட்ட கரப்பான்பூச்சி. சாஹேப் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிவிட்டு இந்தியில் சொன்னார்: "தோடா படா கரோ."

கொஞ்சம் பெருசாப் போடு. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் எல்லா மொழியிலும் கேட்ட வாக்கியம் இது. பெருசாப் போட்டேன். போன் திரையில் மூன்றில் ஒரு பங்கை லோகோ முழுங்கிவிட்டது. வால்வு தேடி வந்தவன் விரலால் தள்ளித் தள்ளித்தான் வால்வைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் என் சண்டை. தெரியாததற்குக் காரணம் அளவு இல்லை சாஹேப், சரக்கு. லோகோவைக் கம்பெனியின் சுயசரிதை என்று நினைப்பதால் வருகிற வினை. பற்சக்கரம் என்றால் உற்பத்தி, உருண்டை என்றால் ஏற்றுமதி, அம்பு என்றால் முன்னேற்றம். இதையெல்லாம் சொல்ல "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கமே இருக்கிறதே! லோகோவுக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. வந்தவனிடம் "சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கே" என்று அரை நொடியில் சொல்வது. வாசலில் நிற்கிற ஆள் "வாங்க" என்றால் போதும், வம்சாவளி சொல்ல ஆரம்பித்தால் வந்தவன் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்வான்.

பிரவுசரின் டேபில் சின்னதாக ஒரு படம் தெரியும் பாருங்கள், ஃபேவிகான் என்பார்கள். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 கொண்டுவந்த பழக்கம். அளவு பதினாறுக்குப் பதினாறு. மொத்தம் 256 புள்ளி. அதாவது பதினாறு புள்ளி, பதினாறு வரிசைக் கோலம். மார்கழியில் கோலம் போட்ட அம்மாக்களைக் கேளுங்கள், அதில் என்ன வரும், என்ன வராது என்று பளிச்சென்று சொல்வார்கள். பற்சக்கரத்துக்குள் பூமி உருண்டை வராது. ஆப்பிரிக்கா எல்லாம் வரவே வராது.

வருவதற்கு உதாரணம் நம் தெருமுனையிலேயே இருக்கிறது. ஸ்டேட் பாங்க் சின்னம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சேகர் காமத் 1971இல் போட்டது. நீல வட்டம், நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டையிலிருந்து கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். சாவித்துவாரம் என்பார்கள், ஒரு ஆள் நிற்கிறான் என்பார்கள், என்னவாக இருந்தால் என்ன? ராத்திரி பஸ்ஸில் போகும்போது ஏடிஎம் பலகையில் தெரிகிறது, தேய்ந்துபோன பாஸ்புக்கில் தெரிகிறது, வெப்சைட் என்ற வார்த்தையே பிறக்காத காலத்தில் வரைந்த படம் 16 பிக்சலிலும் தெரிகிறது. ஒரு நிறத்தில் அடித்தாலும் உயிர் போவதில்லை.

இன்னொன்று, இந்த மகாராஷ்டிர மண்ணில் பிறந்தது. தூய்மை இந்தியா திட்டத்துக்கு 2014இல் கோலாப்பூர்க்காரர் ஒருவர் போட்ட காந்தி கண்ணாடி. திட்டத்தைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம் (எனக்கும் உண்டு, எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியை வந்து பாருங்கள்). ஆனால் இரண்டு வளையம், ஒரு பாலம், முகமே இல்லாமல் ஆள் யாரென்று தெரிகிறது. 2016க்குப் பிறகு வந்த ரூபாய் நோட்டுகளின் பின்பக்கம் துக்கடாவாக அச்சடித்திருக்கிறார்கள். அங்கேயும் தெரிகிறது. இதுவே துடைப்பம், குப்பைத்தொட்டி, மரம், சூரியன், சிரிக்கும் குழந்தை என்று போட்டிருந்தால்? நமக்குத் தெரிந்த எத்தனையோ திட்டங்களின் லோகோ கதிதான்.

எளிமைக்குக் காசு மதிப்பும் உண்டு. கூகுள் 2015இல் தன் எழுத்துகளை மாற்றியபோது, வேகம் குறைந்த இணைப்புகளுக்காகத் தனியாக ஒரு வடிவம் செய்தது. 305 பைட். அதுவரை இருந்த படம் சுமார் 14,000 பைட். வட்டமும் கோடுமாக இருந்ததால் "இங்கே ஒரு வட்டம் போடு" என்று கணக்காகவே எழுதி அனுப்பிவிடலாம். சாஹேப் கொடுத்த ஃபைல் எத்தனை எம்பி என்று கேட்காதீர்கள், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

அதற்காக எளிமை என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் செய்யலாமா என்றால் அதுவும் இல்லை. கேப் என்ற அமெரிக்கத் துணிக்கடை, 2010 அக்டோபரில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பழகிய நீலச் சதுரத்தைத் தூக்கிவிட்டு, சாதா எழுத்தும் மூலையில் ஒரு குட்டிச் சதுரமுமாக சத்தமில்லாமல் வெப்சைட்டில் மாற்றியது. திட்டு தாங்கவில்லை. ஒரே வாரத்தில் பழைய சதுரம் திரும்பிவிட்டது. புது லோகோ கரப்பான்பூச்சி எல்லாம் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவன் "ஆள் மாறிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டான்.

நம் ஊரில் வேறு ஒரு குழப்பமும் இருக்கிறது. முத்திரைக்கும் லோகோவுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்தக் கால முத்திரையில் நுணுக்கம் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அரக்கிலும் பத்திரத்திலும் அதைப்போல இன்னொன்று செதுக்குவது கஷ்டம். நுணுக்கம்தான் அங்கே காவல். வெப்சைட்டில் அந்தக் காவல் செத்துப்போச்சு. வலது கிளிக், சேமி, முடிந்தது. கோபுரமோ சிங்கமோ பற்சக்கரமோ, மூன்று நொடியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் மதுரையில் இருக்கும் எங்கள் சித்தப்பா. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். போலிச் சான்றிதழை நீட்டினால், முத்திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று அங்கே பேர் வாங்கியவர். 2023இல் ஒரு நாள் "உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்" என்று அவர் போனுக்கு ஒரு மெசேஜ். கீழே லிங்க். தட்டினார். ஒரு வங்கியின் பக்கம் மாதிரி வந்தது. கேட்டதையெல்லாம் நிரப்பினார். 24,000 ரூபாய் போனது.

"சித்தப்பா, நீங்க போய் எப்படி?" என்றேன்.

"லோகோ இருந்துச்சுடா தம்பி. நல்லாப் பார்த்தேன். பக்கத்துலயே அரசாங்க சின்னமெல்லாம் வரிசையா இருந்துச்சு."

அந்த "நல்லாப் பார்த்தேன்" இன்னும் காதில் இருக்கிறது. முப்பது வருஷம் எதைப் பார்த்து நம்பினாரோ, அதையே இங்கேயும் பார்த்து நம்பினார். 1930க்குப் போன் போட்டு, புகார் கொடுத்து, பாதிகூடத் திரும்பவில்லை. பணத்தைவிட, "ஏமாந்த கிழவன்" என்று சொந்தக்காரர்கள் பேசியதுதான் அவரை உட்கார வைத்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 85 மாணவர்களிடம் ஆப்பிள் சின்னத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்ன ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. சரியாக வரைந்தது ஒரே ஒருவர். சரி, வரைவது கஷ்டம், சில படங்களைக் காட்டி இதில் எது நிஜம் என்று கேட்டால்? அதிலும் பாதிப்பேருக்கு மேல் கோட்டை விட்டார்கள். பையில் அதே சின்னத்தோடு அலைகிற பிள்ளைகளுக்கே இந்தக் கதி. மனுஷ மனசு லோகோவின் மொத்த உருவத்தைத்தான் வைத்துக்கொள்கிறது, நுணுக்கத்தை வைத்துக்கொள்வதில்லை. அப்படியென்றால் நுணுக்கத்துக்குச் செலவழித்த காசு வீண், அதைப் பார்த்து அசல், நகல் பிரிக்கலாம் என்ற நம்பிக்கையும் வீண்.

ஆக, ஸ்டேட் பாங்க் சின்னம் மாதிரி அருமையான லோகோவும் "இது இன்னார்" என்று சொல்லும், "இது நிஜமாகவே இன்னார்தான்" என்று சத்தியம் செய்யாது. அந்த வேலை மேலே இருக்கும் முகவரிக்கு. ரிசர்வ் வங்கி இதை உணர்ந்துதான் 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகளெல்லாம் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றது. நல்ல காரியம், சித்தப்பாவுக்கு இரண்டு வருஷம் லேட்.

ஆனால் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? நிஜமான சைட்டுகளிலேயே தலையில் ஏழு சின்னம், காலில் ஒன்பது சின்னம், நடுவில் சுற்றுகிற "100% பாதுகாப்பு" ஸ்டிக்கர். லோகோக் கூட்டம் இருந்தால் அரசாங்க சைட், அதனால் நம்பலாம் என்று ஜனங்களைப் பழக்கிவிட்டோம். திருடன் அந்தக் கூட்டத்தை அப்படியே ஒட்டிக்கொள்கிறான். ஒட்டுகிறவன் என்ற முறையில் இதில் எனக்கும் பங்கு உண்டு. எத்தனை வரிசை ஒட்டியிருப்பேன்!

சாஹேப் கதையை முடித்துவிடுகிறேன். பெருசாப் போட்டதும் அடுத்த ஆணி: லோகோவை வலது மேல் மூலைக்கு மாற்று. ஏன்? வாஸ்து. வடகிழக்கு, ஈசான்ய மூலை. திரையில் வடக்கு எது என்று நான் கேட்கவில்லை, டேமேஜர் காலை மிதித்துவிட்டார். இடதுபக்க லோகோவை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு வலதுபக்கத்தைவிட 89 சதவீதம் அதிகம் என்று நீல்சன் நார்மன் குழுமம் சோதித்துப் பார்த்ததையும், நடுவில் வைத்தால் முகப்புப் பக்கத்துக்குத் திரும்புவது ஆறு மடங்கு கஷ்டமாகிறது என்று 2016இல் அவர்கள் எழுதியதையும் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். இடமிருந்து வலமாகப் படிக்கிற கண் முதலில் அங்கேதானே போகும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். இன்னொரு சாய் வந்தது. லோகோ ஈசான்யத்துக்குப் போனது.

கிளம்பும்போது சும்மா கேட்டேன், அந்தத் தீச்சுடர் எதற்கு என்று. வெல்டிங் பட்டறையாக ஆரம்பித்தவர் அவர் அப்பா, அது அவருக்காக என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

ஃபேவிகானுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சக்கரம், உருண்டை, ரிப்பன் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் அந்தச் சுடரை மட்டும் போட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து சாஹேப்பிடமிருந்து போன். திட்டப்போகிறார் என்றுதான் எடுத்தேன். அவர் போன் திரையில் சைட்டை ஐகானாக வைத்திருக்கிறாராம், "அந்தச் சின்னது யார் பண்ணினது?" என்றார்.

நான்தான் என்றேன்.

விசிட்டிங் கார்டிலும் அதையே போட்டுவிடலாமா என்று கேட்டார். கொஞ்சம் பெருசா.