சுன்னாகத்துக் கிணறும் நமது லயமும்



மண் சரிந்தால் "இயற்கை அனர்த்தம்" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். இயற்கை செய்தது என்றால் கேள்வி கேட்க ஆளில்லை, பதில் சொல்லவும் ஆளில்லை. அரிசி மூட்டையையும் பாயையும் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு நாம் மீண்டும் அதே லயத்துக்குப் போக வேண்டியதுதான். இந்தச் சொல்லை நாம் ஏற்கலாமா?

2014 கடைசியில் நான் யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். ஒருநாள் சுன்னாகத்தில் தோழி வீட்டுக்குப் போனபோது, கிணற்றடியில் முகம் கழுவப்போன என்னை அவளுடைய அம்மா தடுத்தார். "டீச்சர், அந்தத் தண்ணியை வாயில வைக்காதேங்கோ, எண்ணெய் மணக்குது" என்றார். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் தேங்கும் மழைநீரே குடிக்கவும் தோட்டம் செய்யவும் உதவுகிறது. ஓரிடத்தில் எண்ணெய் இறங்கினால் அது கல்லிடுக்கு வழியே ஊரெல்லாம் பரவும்.

அந்த மக்கள் அதை விதி என்று விட்டுவிடவில்லை. தெருவில் இறங்கினார்கள். விஷயம் கொழும்பு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அங்கே எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரித்த கம்பனியே பொறுப்பு என்றும், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வரை நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. பட்ட பாட்டுக்கு அந்தத் தொகை போதாது. ஆனால் தீர்ப்பின் அடிப்படை நமக்கு முக்கியம்: மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்.

இப்போது மலைக்கு வாருங்கள். அதே 2014 இல், ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பலரின் உடல்கள் கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. தப்பியவர்கள் புது வீட்டுக்காக ஏறத்தாழ இரண்டு வருடங்கள் காத்திருந்தார்கள். இது இயற்கை செய்ததா?

2025 நவம்பர் 28 இல் 'டித்வா' புயல் கரையேறியது. நாடு முழுவதும் 600 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மோசமாக அடிபட்டன. அதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர்தான் பிரேசிலின் பெலெம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு முடிந்திருந்தது.

கடல் சூடேறினால் புயல் கூடுதல் மழையைச் சுமந்து வரும். அந்தச் சூட்டைக் கூட்டியது யார்? அமெரிக்கர் ஒருவர் வருடத்தில் வெளியேற்றும் கரியமில வாயுவில் இலங்கையர் ஒருவரின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. காரும் ஏசியும் இல்லாத லயத்துக் குடும்பத்தின் பங்கு அதிலும் எவ்வளவோ குறைவு. காட்டை வெட்டித் தேயிலை போடச் சொன்னவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். லயத்தை எங்கே கட்டுவது என்று முடிவெடுத்ததும் நாமல்ல. ஆனால் செத்தது நமது சனம்.

"உலக மாநாட்டுக்கும் கொழுந்து கிள்ளுகிறவளுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. ஏழை நாடுகளின் பல வருடப் போராட்டத்தின் பின், 2022 இல் எகிப்து மாநாட்டில் 'இழப்பு, சேத நிதி' என்று ஒரு நிதியத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். 2023 இல் டுபாயில் அது இயங்கத் தொடங்கியது. பணக்கார நாடுகள் அதில் போட்டிருப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. என்றாலும் அது பிச்சையல்ல, சுன்னாகத்தில் கேட்டது போன்ற நட்டஈடு என்றே நாம் கேட்க வேண்டும்.

அந்தப் பணம் கொழும்பில் இறங்கினாலும் நமது லயத்துக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி. சுன்னாகத்துக்காரருக்குக் கிணறும் காணியும் சொந்தம். "என் கிணறு" என்று அவர் வழக்குப் பேசலாம். நாம் "என் வீடு" என்றால், "உறுதி எங்கே?" என்று கேட்பார்கள். 200 வருடம் உழைத்தவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. காணி அரசாங்கத்தினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளினுடையது. மண்சரிவு மட்டும் நம்முடையது!

ஆகவே மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஒன்று: ஆபத்தான லயங்களில் இருப்போருக்குப் பாதுகாப்பான இடத்தில், உறுதியோடு காணி. அந்த உறுதியில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு தோட்டத்தின் மண்சரிவு ஆய்வறிக்கையும் தமிழில், பிரட்டுக்களத்தில் எல்லோருக்கும் தெரிய ஒட்டப்பட வேண்டும்.

மூன்று: காலநிலை நிதிக்கு அரசாங்கம் விண்ணப்பம் எழுதும்போது லயத்து மக்களின் குடியேற்றம் அதில் இருக்க வேண்டும், தொழிற்சங்கங்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, தலைவிகளே, இந்த மாதமே வேலையைத் தொடங்குங்கள். சுவர் வெடித்த காம்பராக்களையும் தரை பிளந்த இடங்களையும் எழுதுங்கள், போனில் படம் எடுங்கள், திகதி போடுங்கள். பட்டியலின் ஒரு பிரதியைச் சங்கத்துக்கும் மற்றொன்றைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, ஒப்பம் வாங்கி வையுங்கள். நாளைக்கு யாராவது "எங்களுக்குத் தெரியாது, இயற்கை அனர்த்தம்" என்றால், அந்த ஒப்பத்தைக் காட்டிப் பேசுவோம்.