அலமாரியில் எதற்கு இடம்?

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானுடன் இணைத்துச் சொன்னார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த எண்ணத்தில்தான் நம்மில் சிலர் வரவேற்பறை அலமாரியை மாற்றியமைத்து, குளிர்பானங்களுக்கெனத் தனியாக ஒரு ஃப்ரிட்ஜைப் பொருத்துகிறோம். இது ஆகுமானதே. ஆயினும் இரண்டைச் சிந்திப்போம்.

சாதாரண ஃப்ரிட்ஜை மூடிய அலமாரிக்குள் அடைத்தால், வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்ப்ரஸர் ஓயாது ஓடும், மின்சாரம் வீணாகும். முன்புறம் வெப்பத்தை வெளியேற்றும் வகையே அங்கு ஏற்றது. உண்ணவும் பருகவும் அனுமதிக்கும் அல்அஃராஃப் 31ஆம் வசனமே விரயத்தையும் தடுக்கிறது.

அடுத்து, அந்த அலமாரியிலிருந்து இறங்கும் தஃப்ஸீர்களும் ஹதீஸ் நூல்களும் எங்கே போகின்றன? பரணுக்குத்தானே! விருந்தாளியின் தாகம் சமையலறையிலிருந்து வரும் நன்னாரி சர்பத்திலும் தணியும். பரணில் கிடக்கும் கிதாபை நம் பிள்ளைகள் தேடிப் போகமாட்டார்கள். முதலில் அவற்றுக்குக் கையெட்டும் இடம் ஒதுக்குவோம். மீதியிடத்தில் ஃப்ரிட்ஜ் அமையட்டும். வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக!