ஏழு மணி அழைப்பு

காசாவில் உள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கு திருக்குடும்பப் பங்கு. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் போர் மூண்டதும் நூற்றுக்கணக்கானோர் அந்த ஆலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். அந்நாள் முதல் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் வத்திக்கானிலிருந்து அவர்களைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். தினமும் மாலை ஏழு மணிக்கு அழைப்பதாக 2024-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் அவரே கூறினார். பல நாள்களில் அது ஓரிரு நிமிடப் பேச்சுதான். எப்படி இருக்கிறீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பார், ஆசீர் வழங்குவார். 2025-இல் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தபோதும் அங்கிருந்து அழைத்தார்.

இந்த அழைப்பால் போர் நின்றதா? நிற்கவில்லை. பிறகு அதனால் என்ன பயன் என்று சிலர் கேட்டனர். நம் செபத்தைப் பற்றியும் இதே கேள்வியைத்தானே நாம் கேட்கிறோம்? பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை, நோய் தீரவில்லை, ஆகவே செபம் நின்றுவிடுகிறது. ஆனால் காசாவில் அந்த மக்கள் மாலையானதும் அழைப்பு வரும் என்று காத்திருந்தார்கள். தங்களை ஒருவர் மறக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பலன் வந்தால்தான் பேசுவேன் என்பது உறவு அல்ல, வியாபாரம்.

நம் ஊர்களிலும் அந்த மாலை வேளைக்கு ஒரு பழைய மதிப்பு உண்டு. கோயிலில் மூவேளைச் செப மணி அடிக்கும், வீட்டில் விளக்கேற்றுவார்கள், பிறகு குடும்பச் செபமாலை. முதலில் தொலைக்காட்சித் தொடர்கள் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டன. இப்போது ஆளுக்கொரு கைப்பேசி. 2020-இல் பெருந்தொற்றால் ஆலயங்கள் மூடப்பட்டபோது பல வீடுகளில் குடும்பச் செபம் திரும்பி வந்தது. அவ்வாண்டு மார்ச் 27 அன்று மழை பெய்த வெறுமையான புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை தனியாக நின்று செபித்ததை நாமும் வீட்டிலிருந்து பார்த்தோம். ஆலயக் கதவுகள் திறந்தன, வீட்டுச் செபம் மூடிக்கொண்டது. 2025 யூபிலிக்குத் தயாரிப்பாக 2024-ஐ செப ஆண்டாக அறிவித்தார் திருத்தந்தை. அந்த ஆண்டும் பல பங்குகளில் ஒரு பதாகையோடு கடந்துபோனது என்றால் மிகையில்லை.

ஏன் நிலைப்பதில்லை? அச்சத்தில் தொடங்கியது அச்சம் நீங்கியதும் நின்றுபோகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றை நாம் ஒத்துக்கொள்வதில்லை. தொடங்கும்போதே நாம் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்கிறோம். ஐந்து பத்துமணி, மாதா பிரார்த்தனை, பாதுகாவலர் செபம், நவநாள் செபம், அதன்பின் பாட்டு. குழந்தை தூங்கிவிடும், மருமகள் அடுப்பை நினைப்பார், முழங்காலிலேயே கண்ணயர்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அக்டோபரில் ஒரு வாரம் நடக்கும், பிறகு இல்லை. ஆண்டு முழுவதும் தினமும் ஒரு பத்துமணி சொல்லும் குடும்பம்தான் செபத்தில் வளரும் என்பது நமது கருத்து. பெரியவர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் "செபியுங்கள்" என்று ஒரு செய்தி வந்தால் உடனே கைகூப்பிய படத்தை அனுப்புகிறோம். அனுப்பியதோடு செபித்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறோம். அந்த நோயாளியின் பெயரையாவது அன்றிரவு உச்சரித்தோமா?

செபத்தில் சுவை இல்லை என்று விட்டுவிடுபவர்களுக்கு அவிலா தெரசா துணைக்கு வருவார். பல ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாகத் தன் வரலாற்றில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவரைத்தான் 1970-இல் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது. மணியையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அவர் எழுந்து போய்விடவில்லை.

ஆகவே நேரம் ஒன்றை முடிவு செய்வோம். இரவு உணவுக்கு முன், அல்லது காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்முன் வாசலில். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு செபத்தைச் சேர்த்துக்கொண்டால் நினைவூட்டல் தேவைப்படாது. மனப்பாடச் செபம் ஒன்று, அதன்பின் சொந்த வார்த்தைகளில் அன்றைய செய்தி: கடன்காரர் வந்தது, தேர்வு முடிந்தது, அண்ணனோடு சண்டை. திருத்தந்தை கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தானே. ஒரு நாள் தவறினால் மறுநாள் இருமடங்காக ஈடுகட்ட வேண்டாம். வழக்கமான அளவிலேயே தொடர்ந்தால் போதும்.

2025 ஏப்ரல் 19, புனித சனி மாலையிலும் காசாவுக்கு அந்த அழைப்பு வந்தது. அதுவே கடைசி. திங்களன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். ஜூலை 17 அன்று அதே ஆலயம் தாக்கப்பட்டு மூவர் உயிரிழந்தனர். அதன்பிறகும் அங்கே திருப்பலியும் செபமாலையும் தொடர்ந்தன.