சீட்டுக்கட்டும் மேட்டூர் தண்ணியும்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுகிட்டு இருந்தது, அக்கா பையன் புண்ணியத்துல வெளிய வந்துருச்சு. பத்தாங்கிளாஸ் படிக்கிறான். தஞ்சாவூரை ஒட்டின கிராமம், ஜன்னலைத் திறந்தா அறுவடைக்கு நிக்கிற சம்பா. பயல் உட்கார்ந்து, 52 சீட்டுல சிவப்பு ராஜா வர்றதுக்கு நிகழ்தகவு என்னன்னு போட்டுக்கிட்டு இருக்கான். கட்டுல சிவப்பு ராஜா எத்தனைடான்னு கேட்டா, "ரெண்டு மாமா, மனப்பாடம் பண்ணிட்டேன்"ங்கிறான். சீட்டைக் கையால தொட்டதே இல்லை. தொட்டா அக்கா தோலை உரிச்சுடும் :-)

புத்தகத்துல புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசிப் பாடம். கடைசின்னா என்ன கதின்னு உங்களுக்கே தெரியும். திட்ட விலக்கம் எதுக்குடா கண்டுபிடிக்கிறோம்னா "அஞ்சு மார்க்குக்கு"ன்னு பதில். வாத்தியாரைக் குத்தம் சொல்லலை, அவருக்கு ரிசல்ட் காட்டியாகணும். ஆனா இந்த மண்ணுல உட்கார்ந்துகிட்டு நிகழ்தகவுக்குச் சீட்டுக்கட்டைத் தேடுறது அநியாயமா இல்லையா மக்களே?

மேட்டூரை எடுத்துக்குங்க. குறுவைக்கு ஜூன் 12ல திறக்கணும். 2011ல இருந்து 2025 வரை 15 வருஷத்துல அந்தத் தேதியிலயோ முன்னாடியோ திறந்தது ஆறு தடவை: 2011, 2020, 2021, 2022, 2023, 2025. ஆறு பை பதினஞ்சு, 0.4. பையன் டக்குனு சொல்லிட்டான். சரி, 2012ல இருந்து 2019 வரை வரிசையா எட்டு வருஷம் தவறியிருக்கே, நாணயம் சுண்டுற மாதிரி ஒவ்வொரு வருஷமும் தனித்தனின்னா இது நடக்குமான்னேன். 0.6ஐ எட்டு தடவை பெருக்கினா 0.017. நூத்துக்கு ரெண்டு கூட இல்லை. அப்ப வருஷங்கள் தனித்தனி இல்லையோ? போன வருஷம் அணையில மிஞ்சின தண்ணி, கர்நாடகத்து மழை, கோர்ட்டு கேஸு எல்லாம் உள்ள வருது. (எட்டு வருஷத்தை நீங்களா பொறுக்கி எடுத்தது போங்குன்னு சொல்ற பையனுக்கு நான் கூட ரெண்டு மார்க் போடுவேன்.) எந்தச் சீட்டுக்கட்டு இதைச் சொல்லித் தரும்?

அடுத்தது இன்சூரன்ஸ். மச்சானுக்கு ஒரு வருஷம் குலைநோய்ல மூணு மா சுத்தமாப் போச்சு. ஒரு பைசா வரலை. "திருட்டுப் பசங்க"ன்னு இன்னமும் திட்டுறார். திருட்டா இல்லையான்னு எனக்கும் தெரியாது, ஆனா எப்படிக் கணக்குப் போடுறாங்கன்னு அவருக்கு யாரும் சொல்லலை. 2016ல வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுல இந்த மாதிரி நோய் இழப்புக்கு உங்க வயலை மட்டும் பார்த்துப் பணம் வராது. ஊர்ல குறைஞ்சது நாலு இடத்தை ரேண்டமா எடுத்து, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி அறுத்து, எடை போடுவாங்க. 400ஆல பெருக்கினா ஹெக்டேருக்கு எவ்வளவுன்னு வந்துரும். அந்தச் சராசரி, கடைசி ஏழு வருஷத்துல நல்லா விளைஞ்ச அஞ்சு வருஷச் சராசரியை வச்சுப் போட்ட அளவுக்குக் கீழ போனாத்தான் பணம். மச்சான் வயல் பொட்டலானாலும் ஊர் சராசரி நின்னா கதை முடிஞ்சுது.

நாலு இடம் போதுமா? நாலோட சராசரி ஆடுற ஆட்டம், ஒத்தை வயல் ஆடுறதுல பாதி. பாதிதான், இல்லாமப் போயிடலை. பையன் அஞ்சு மார்க்குக்குப் படிச்ச திட்ட விலக்கம் இங்கதான் வேலை செய்யுது. எந்த வயல்னு சீட்டு விழுதோ அதை விட்டுட்டு ரோட்டோரமா வசதியான வயலை அறுத்தா என்னாகும்னும் ஒரு கேள்வி கேட்கலாம். வகுப்புல பாதிப் பேர் வீட்டுல இதுக்கு விடை தெரியும்.

"அடிப்படைக்கு நாணயம், பகடை வேணும்ல"ன்னு நண்பர் ஒருத்தர் சொன்னார். வேணும், ஒரு பீரியடுக்கு. பாடம் பூராவும் எதுக்கு?

நேத்து பயல் மாட்டுக் கயிறுல அஞ்சு மீட்டர் அளந்து நாலு மூலைக்கும் குச்சி அடிச்சுட்டான். அறுவடைக்கு முன்னாடி வயலை மிதிக்க விட்டதுக்கு மச்சான்கிட்ட எனக்குத்தான் திட்டு.