உறையின் படமும் உள்ளிருக்கும் சீனியும்

காலையுணவுத் தானியப் பெட்டியின் மீது சிரித்து நிற்கும் விலங்கின் படத்தைக் கண்டே பிள்ளை அப்பெட்டியைக் கேட்டு அடம்பிடிக்கின்றது. உள்ளேயுள்ள சீனியின் அளவை அது அறியாது. அப்படத்தை நீக்கினாற் சீனியும் குறையுமோ? இவ்வினாவுக்குத் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் அனுபவம் விடை தருகின்றது.

பிள்ளைகளிடையே உடற்பருமன் பெருகக் கண்ட அந்நாடு 2012ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சேர்க்கப்பட்ட சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றால் ஒரு பண்டம் வரம்பைக் கடப்பின், அதன் முகப்பிற் கரிய எண்கோண முத்திரை இடப்படல் வேண்டும். முத்திரை பெற்றதைப் பாடசாலையில் விற்றலாகாது. 14 வயதுக்குட்பட்டோரை நோக்கி விளம்பரஞ் செய்தலாகாது. சித்திர உருவங்களாலும் விளையாட்டுப் பொருள்களாலும் அவர்களை ஈர்த்தலுமாகாது.

வரம்பு ஒரேயடியாக அன்றிப் படிப்படியாக இறுக்கப்பட்டது. திண்ம உணவு 100 கிராமிற் சீனியின் எல்லை 2016இல் 22.5 கிராம்; 2018இல் 15; 2019இல் 10. சோடியத்தின் எல்லை 800 மில்லிகிராமிலிருந்து 400 ஆயிற்று. சேர்மானத்தை மாற்றியமைக்க உற்பத்தியாளர்க்கு இவ்வாறு அவகாசமுங் கிடைத்தது.

முத்திரை விழின் விளம்பரமும் பாடசாலைச் சந்தையும் ஒருங்கே போய்விடும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். எனவே, எல்லைக்குச் சற்றே கீழ் நிற்குமாறு பலர் சீனியையும் உப்பையும் குறைத்தனர். சட்டத்துக்கு முன்னர் இருந்த நிலையை 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்ட ஆய்வொன்று, முத்திரைக்குரிய பண்டங்கள் நூற்றுக்கு 51இலிருந்து 44 ஆகக் குறைந்தமையைக் கண்டது.

ஆயினும், இதற்கு மறுபக்கமும் உண்டு. குறைக்கப்பட்ட சீனியின் இடத்திற் பலவிடத்துச் செயற்கை இனிப்பூட்டிகள் புகுந்தன. சீனிக்கு வரம்பிட்ட சட்டம் அவற்றுக்கு வரம்பிடவில்லை. உடல் நிறையைக் கட்டுப்படுத்த அவற்றை நாடவேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. சீனி குறைந்தபோதிலும் பிள்ளையின் நா அதே இனிப்புக்கே பழகுகின்றதன்றோ?

நம் நாட்டிலும் குடிபானங்களின் சீனியளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீடு 2016இல் வந்தது. பச்சை நிறம் சீனி குறைவென்று மட்டுமே கூறும்; அதற்குப் பதிலாகச் சேர்ந்தது யாதெனக் கூறாது. ஆதலின், பெற்றோரே, மாணவரே, போத்தலின் பின்புறத்துச் சிற்றெழுத்துப் பட்டியலையும் ஒருமுறை வாசித்த பின்னரே வாங்குங்கள்.