ஸ்பேனருக்குச் சந்தனப் பொட்டு

ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' 1974இல் வெளிவந்த நூல். சிற்றிதழ் வாசகர்களிடையே அதைச் சிலாகிக்காதவர்கள் குறைவு. அதில் தன் வண்டியைத் தானே பழுது பார்க்கிற கதைசொல்லியும், விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ வைத்துக்கொண்டு அதன் உள்ளே நடப்பது எதையும் அறிந்துகொள்ள விரும்பாத நண்பர் ஒருவரும் சேர்ந்து பயணம் செய்கிறார்கள். அந்நூலைப் பற்றிப் பேசுகிற நம்மவர் ஒவ்வொருவரும் தம்மைக் கதைசொல்லியாகவே பாவித்துக்கொள்கிறார். ஆனால் வண்டி 'மிஸ்' அடித்தால் முதலில் கை போவது தொலைபேசிக்குத்தான். நாமெல்லாம் அந்த நண்பரின் வம்சம்.

வீட்டிலேயே வேனின் ஸ்பார்க் ப்ளக்கை மாற்றுவது பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவானேன் என்று கேட்கலாம். முடிச்சூரில் வசிப்பவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. ஏன் எழாது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காரியம்.

1984இல் வந்து 2019இல் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னியை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட வேனாக, ஆம்புலன்ஸாக, கேட்டரிங் வண்டியாக, திரைப்படங்களில் ஆள் கடத்தும் வாகனமாக நாம் அறிந்த அதே வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் இருக்கைகளுக்கு அடியில் இன்ஜின். இருக்கையைத் தூக்கினால் முடிந்தது. மழையிலும் வெயிலிலும் பானெட்டுக்குள் தலையை விட்டு நிற்க வேண்டியதில்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ஏனெனில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு திருகினால் மரை போய்விடும். ப்ளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் தள்ளிவிட வேண்டும். வயர்கள் மாறிப்போகாமல் ஒவ்வொரு ப்ளக்காகத்தான் கழற்ற வேண்டும். புதியதை மாட்டும்போது ஸ்பேனரைத் தொடவே கூடாது. ஒரு துண்டு பெட்ரோல் ட்யூபை ப்ளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்து விரலால் சுற்ற வேண்டும். மரை கோணலாக ஏறினால் ட்யூப் வழுக்கிவிடும், ப்ளக் நின்றுவிடும். தகரக் கொட்டகை மெக்கானிக்குகள் எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் கண்டடைந்து கைமாற்றி வந்த இந்த உத்தியில் உள்ள அறிவுக்கூர்மை, நம் பல கட்டுரைத் தொகுதிகளில் இல்லை என்பது என் கருத்து.

கழற்றிய ப்ளக்கைத் தூக்கி எறிந்துவிடாமல் வாசிக்கவும் வேண்டும். வாசிப்பு என்று பேசுகிறவர்கள்தானே நாம். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது, செலவு காத்திருக்கிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகிறது. மூன்று சிலிண்டர், மூன்று சாட்சிகள். இந்த வாக்குமூலத்தை ஒருமுறை வாசித்தவரிடம் 'இன்ஜினே போச்சு சார்' என்று சொல்லிப் பணம் பறிப்பது கடினம்.

இனி முடிச்சூருக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. ஏரிகள் நிரம்பி, அடையாறு கரை மீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின; தெருக்களில் படகு விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வெள்ளம். வெள்ளம் வடிந்த காலையில் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு: சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பது. இருக்கைக்கு அடியில் தாழ்வாக இருக்கும் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அந்த ஒரு திருகலிலேயே கதை முடிந்துவிடும். காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. மேலேறும் பிஸ்டன் முட்டிக்கொண்டு நிற்க, கனெக்டிங் ராடு வளைகிறது. சாதாரணக் காப்பீட்டில் இது 'பின்விளைவுச் சேதம்' என்று பொதுவாகத் தள்ளுபடி ஆகும். இன்ஜின் பாதுகாப்புக்குத் தனிப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

மாற்று வழி என்ன? பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் மூன்று ப்ளக்கையும் எடுத்துவிட்டு, பொறி வராதபடி காயில் வயரைப் பிரித்து, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரைச் சில வினாடிகள் சுழற்றுவது. ப்ளக் துளைகள் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். எண்ணெய் பாலும் டிக்காஷனும் கலந்த நிறத்தில் இருந்தால், முதலில் அதையும் மாற்றுவது. சேறு ஏறிவிட்ட இன்ஜினை இது காப்பாற்றாது. தண்ணீர் மட்டும் புகுந்ததைக் காப்பாற்றும். ஒரு ப்ளக் ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். சர்வீஸ் நிலையங்களின் முன்னே வண்டிகள் வாரக்கணக்கில் வரிசையில் நிற்கிற நாட்களில், வேன் ஓட்டிப் பிழைக்கிற ஒரு குடும்பத்துக்கு அந்த அரை மணி நேரத்தின் விலை என்ன என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நகைமுரண் என்னவென்றால், இதே வட்டாரத்தில்தான், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையில், ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. கார்களோடு 'ஸ்டாண்டர்டு 20' என்ற வேனும் அங்கே உருவாயிற்று. 1988இல் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இன்று கணினி நிறுவனங்கள். வேன் செய்த ஊரில் வேனின் ப்ளக்கைக் கழற்றத் தெரியாத ஒரு தலைமுறை குடியேறியிருக்கிறது.

'மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கிறாயா?' என்று ஒரு முற்போக்கு ஆட்சேபம் வரும். இது உண்மையான கரிசனமென்றால் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். அந்த ஆட்சேபத்தின் அடியில் இருப்பது வேறு: கையில் கிரீஸ் படுவது பற்றிய பழைய அருவருப்பு. எந்தக் கை எதைத் தொடலாம் என்று வகுத்துவைத்த சமூகம் இது. ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். மற்ற 364 நாட்களும் அதைப் பிடிக்கிறவருக்கு நாற்காலி போடமாட்டோம். தன் கையால் ஒருமுறை ப்ளக் மாற்றியவருக்கே மெக்கானிக்கின் திறமை புரியும். அவர் கேட்கும் கூலி அதற்குப் பிறகு அதிகமாகத் தோன்றாது.

தமிழ் ஆர்வலர்களின் ஆட்சேபமும் உண்டு. தீப்பொறிச்செருகியா, பொறிமுளையா என்று ஆண்டுக்கணக்கில் விவாதிக்க அவர்கள் தயார். விவாதிக்கட்டும். ஆனால் 'கேப் வைக்கிறது', 'மிஸ் அடிக்குது', 'மரை போச்சு' என்று கொட்டகைகளில் புழங்கும் மொழியை யாரும் அகராதியில் ஏற்றக் காணோம். கலைச்சொல் செய்கிறவர் ஒருமுறையாவது அந்தப் பொருளைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று விதி வைத்தால் பாதிக் குழுக்கள் கலைந்துவிடும்.

'இப்போதைய வண்டிகளில் இதெல்லாம் நடக்காது, எல்லாம் கம்ப்யூட்டர்' என்பது கடைசி ஆட்சேபம். பாதி உண்மை. ப்ளக்கின் தலைமேலேயே காயில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளிலும் ஒரு போல்டையும் ஒரு கனெக்டரையும் கழற்றினால் ப்ளக் வெளியே வந்துவிடும். மின்சார வண்டியில் ப்ளக்கே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். பழுது பார்க்கும் உரிமைக்காக 2022இல் மத்திய நுகர்வோர் துறை அமைத்த குழுவின் பட்டியலில் மோட்டார் வாகனங்களும் இருந்தன. உரிமை வரும்போது வரட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலேயே வந்துவிடும். ப்ளக் ஸ்பேனர் தாம்பரத்தில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும்.